நான் கிழிக்காத பக்கம்

மட்டாஞ்சேரி கடைத்தெருவுக்குப் பின்னால், காயலைப் பார்த்த மாதிரி இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அறுபதுகளின் தொடக்கம். அப்பா ஒரு மிளகு வியாபாரியிடம் குமாஸ்தா. மூன்று தலைமுறையாக நாங்கள் கொச்சிக்காரர்கள்தான். ஆனாலும் வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். நான் நர்ஸ் படிப்புக்குப் போனபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். அப்பா மட்டும், "போகட்டும், நல்ல வேலைதானே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பெண்கள் வார்டில் இருபது கட்டில்கள். அதற்கு நர்ஸ் நாங்கள் மூன்று பேர். கோட்டயத்திலிருந்து வந்த ஒருத்தி, எறணாகுளத்திலிருந்து படகில் வந்து போகும் இன்னொருத்தி, நான். ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. எங்களுக்கு மேலே மேட்ரன். சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. போர்வை ஓரம் கோணலாக இருந்தால்கூட மறுபடி விரிக்கச் சொல்வார்.

அந்த வருஷம் மிதுன மாசத்து மழை, நம்ம ஆனி மழை, விடாமல் பிடித்துக்கொண்டது. கோட்டயத்துக்காரி காய்ச்சலில் படுத்துவிட்டாள். மிச்சமிருந்த இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓடினோம். ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு டியூட்டிக்கு வந்த நான், மறுநாள் காலையில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். காற்றும் மழையும் பலத்ததால் படகை நிறுத்திவிட்டார்கள். எறணாகுளத்துக்காரி வரவில்லை. மேட்ரன் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். ஆயா பால் விடாத கட்டன் சாயா ஒரு தம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

மதியம் மூன்று மணிக்குப் பென்சிலின் ஊசி போட வேண்டியது நாலாம் கட்டிலுக்கு. நிமோனியா வந்த ஒரு பெண். ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்து, மருந்தை ஏற்றிக்கொண்டு போனேன். நாலாம் கட்டிலில் ஒருத்தி தலைவரைக்கும் போர்த்திக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"இன்னிக்கு எனக்கும் ஊசி உண்டா சிஸ்டர்?" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உண்டு" என்றேன். போட்டேன். நகர்ந்தேன்.

நாலடி நடந்திருக்க மாட்டேன். பின்னால் மூச்சு இழுக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தால், போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்திருப்பவள் ஒன்பதாம் கட்டில்காரி! இஞ்சி மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்ப்பவள், காலில் ஆறாத புண்ணோடு வந்தவள். பென்சிலின் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதை எழுதியதே நான்தான்.

உதடும் கண்ணும் வீங்கிக்கொண்டே வந்தன. பென்சிலின் போடும்போது அதன் ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இப்படி ஏதாவது ஆனால் யாரையும் கேட்காமல் போடலாம் என்பது டாக்டரின் நிலையான உத்தரவு. ஆயாவை டாக்டரிடம் ஓடச் சொல்லிவிட்டு ஆம்பூலை உடைத்து மருந்தை அவளுக்குப் போட்டேன். அதுவரை இருந்த தூக்கமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. டாக்டர் வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு திரும்ப ஆரம்பித்திருந்தது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கேட்டாள்.

பிறகுதான் ஆயாவிடம் விசாரித்தேன்.

நடந்தது இதுதான். காலையில் நாலாம் கட்டிலுக்கு மேலே ஓடு ஒழுகியிருக்கிறது. "காய்ச்சல்காரி நனையக் கூடாது, அவளை என் கட்டில்ல போடுங்க, நான் இங்க ஒதுங்கிப் படுத்துக்கறேன்" என்று கிட்டங்கிக்காரியே இடம் மாறியிருக்கிறாள். அதை ஆயா என்னிடம் சொல்லவும் செய்தாள். "சிஸ்டரே, நாலையும் ஒன்பதையும் மாத்திப் படுக்க வெச்சிருக்கேன், கேட்டீங்களா?" என்றாள். நான் "சரி" என்று தலையாட்டினேன். காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை.

மேசையில் உட்கார்ந்து ரிப்போர்ட் புத்தகத்தைத் திறந்தேன். முதல் வரியில், தவறான நோயாளிக்குப் பென்சிலின் போட்டது நான் என்று எழுதினேன். பேரைக் கேட்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினேன். கட்டில் மாற்றியதை ஆயா எனக்குச் சொன்னாள் என்று எழுதினேன். கடைசியாக, முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து இந்த மூன்று மணிவரை நான் தொடர்ந்து டியூட்டியில் இருந்தேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக் கமிட்டியின் செயலாளர் வந்தார். கெட்டவர் இல்லை. தன் அரிசிக் கடையை விட்டுவிட்டு பாதி நாள் ஆஸ்பத்திரிக்காக அலைகிறவர். படித்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"இந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதும்மா. ஆயா சொல்லாம கட்டிலை மாத்திட்டான்னு எழுது. அவளை நிறுத்திடலாம். உனக்கும் பிரச்சினை இல்லை."

"அவங்க சொன்னாங்க சார். நான்தான் கவனிக்கலை."

"இந்த ஆஸ்பத்திரி பேர் கெட்டுப்போனா இங்க வர ஏழைங்க எங்க போவாங்க, யோசிச்சியா? அந்த நோயாளிகிட்டயும் ஒண்ணும் சொல்லாதே. மருந்து ஒத்துக்கலைன்னா போதும்."

அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். ஆனால் வார்டுக் கதவருகில் ஆயா துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தில் நான் என்ன எழுதினாலும் அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

"கிழிக்க முடியாது சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன்.

கமிட்டி கூடும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார். போவதற்கு முன்னால் நாலாம் கட்டிலுக்குப் போனேன். கிட்டங்கிக்காரியின் கண் இமைகள் இன்னும் தடித்திருந்தன.

"அக்கா, உங்களுக்கு ஆகாத மருந்தை நான்தான் போட்டேன். வேற ஒருத்தருக்குப் போட வேண்டியது."

"ஊசி உண்டான்னு கேட்டேனே."

"கேட்டீங்க."

"நீ மூஞ்சியைக்கூடப் பாக்கல."

"பாக்கலக்கா."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எழுதினது அத்தனையும் நிஜந்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப வந்து சாப்பிடு" என்றார். சாப்பிட்டுப் படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தேன்.

ஆறு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். நீளமேசையைச் சுற்றி கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர். ஓரத்தில் மேட்ரன். தலைவர் என் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பை ஒத்துக்கிட்டே, சரி. எத்தனை மணி நேரம் நின்னேன்னு எதுக்கு எழுதினே? சாக்கா?"

"சாக்கு இல்லை சார். தப்பு என்னோடதுன்னு முதல் வரியிலயே இருக்கு. ஆனா மழை இன்னும் விடலை. நாளைக்கும் படகு வராமப் போகலாம். என் இடத்துல நிக்கறவளும் தலையை ஆட்டிட்டு மறந்துபோவா. அதை எழுதலைன்னா பாதி நிஜந்தான் எழுதினதா ஆகும்."

என்னைப் போகச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மேட்ரன் எழுந்தார்.

"அந்தப் பக்கத்தைத் திருப்பாம முழுசாப் படிங்க. அடியில இன்னொரு கையெழுத்து இருக்கு."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"அது என்னோடது" என்றார் மேட்ரன். "டியூட்டி லிஸ்ட் போட்டது நான். ரெண்டு நர்ஸை வெச்சு மூணு பேர் வேலையை வாங்கினது நான். இன்னொரு நர்ஸ் வேணும்னு நான் போன கமிட்டிக் கூட்டத்துலயே கேட்டேன், நீங்க பாக்கலாம்னீங்க, நானும் விட்டுட்டேன். இவளை அனுப்பறதா இருந்தா என்னையும் சேர்த்து அனுப்புங்க."

போர்வை ஓரத்துக்காக என்னை இருபது தடவை திட்டியவர் அவர்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அங்கே அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். அதற்கு நான் தகுதியானவள்தான். ஆயா வேலையில் இருந்தாள். அந்த வாரமே ஓடு மாற்றினார்கள். செயலாளரே ஏணியடியில் நின்று வேலை வாங்கினார். நர்ஸுகள் கூடியது உடனே நடக்கவில்லை. ஓணத்துக்கு முன்னால் ஒருத்தி வந்தாள், வருஷ முடிவில் இன்னொருத்தி. அதன்பிறகு எட்டு மணி நேர டியூட்டி. அடுத்தவள் வராவிட்டால் மேட்ரனே தொப்பியைச் சரிசெய்துகொண்டு வார்டுக்கு வந்து நின்றுவிடுவார். உடைந்த கட்டில்கள் போட்டிருந்த ஒரு அறையை ஒழித்து எங்களுக்கு ஓய்வறையாக்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் காயல் காற்று வரும். அங்கே அரைமணி நேரம் காலை நீட்டிப் படுக்கும்போது, இது நான் கொண்டுவந்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். வெளியில் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

கட்டில் நம்பரைப் பார்த்து யாருக்கும் மருந்து கொடுப்பதில்லை, பேரை அவர்கள் வாயால் கேட்டுத்தான் கொடுப்பது என்ற வழக்கமும் அன்றிலிருந்து வந்தது. சில நோயாளிகள் சலித்துக்கொள்வார்கள். "காலையில சொன்னேனே சிஸ்டர்!" சலித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

இரண்டு வருஷம் கழிந்திருக்கும். ஒரு காலை நேரம். பிரசவ வலியில் இருந்த தன் தங்கை மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அந்தக் கிட்டங்கிக்காரி வாசலில் நின்றாள். பதிவு மேசையில் இருந்தவளிடம் அவள் பேசுவது உள்ளே இருந்த எனக்குக் கேட்டது.

"எந்த வார்டு அம்மா?" என்றாள் மேசைக்காரி.

"அந்தத் தமிழ் சிஸ்டர் இருக்கற வார்டுல போடுங்க."

"அவங்க உங்களுக்குச் சொந்தமா?"

"சொந்தமெல்லாம் இல்லை. ஒரு தடவை என்னைக் கொல்லப் பாத்தா" என்றாள் சத்தமாக. மேசைக்காரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஆனா என்ன ஆச்சுன்னு எங்கிட்ட வந்து அவளேதான் சொன்னா. இங்க எது நடந்தாலும் அவ எங்கிட்ட மறைக்க மாட்டா."

மத்தியானம் ஒன்றேகாலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சுகம். குழந்தையைத் துடைத்துச் சுற்றிப் கிட்டங்கிக்காரியின் கையில் கொடுத்தேன். இரண்டு மணிக்கு அடுத்த நர்ஸ் வந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு, நேரத்தோடு வீட்டுக்குக் கிளம்பினேன்.