மீனே விடாத தொட்டியில் சிவந்த தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய நாட்களில் நடந்தது இது. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. பண்ணையை ஒட்டி எங்கள் வீடு, அதற்கு அடுத்தது என் கொழுந்தனார் வீடு; எல்லாவற்றுக்கும் ஒரே போர்வெல். மகள் கல்லூரி விடுதிக்குப் போனபின் பொழுது போகாமல் இருந்த எனக்கு, கடல் மீன் வளர்க்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்துவிட்டது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட குட்டி மீன்களைச் செல்போனில் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. இத்தனை கோழி இருப்பது போதாதா என்று வீட்டுக்காரர் கேலி செய்தாலும், சேலத்திலிருந்து தொட்டியை அவரேதான் கொண்டுவந்து இறக்கினார்.

பாறைகளை அடுக்கி, போர் தண்ணீர் நிரப்பி, கடல் உப்பைக் கரைத்தேன். மீன் விடுவதற்கு முன் தண்ணீரைச் சோதிக்க வேண்டுமாம். அதற்கான டெஸ்ட் கிட் வாங்க சேலத்துக் கடைக்குப் போனபோதுதான் தலை சுற்ற ஆரம்பித்தது. எந்த டெஸ்ட் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்துப் போனவள் நான். அலமாரியில் அம்மோனியாவுக்கு ஒன்று, கால்சியத்துக்கு ஒன்று, இன்னும் என்னென்னவோ. நைட்ரைட் என்று ஒரு பெட்டி, பக்கத்திலேயே நைட்ரேட் என்று ஒரு பெட்டி. அச்சுப் பிழை என்றே நினைத்தேன். இல்லை, இரண்டும் வேறு வேறாம். சில பெட்டிகள் நல்ல தண்ணீருக்கு மட்டும், சில உப்புத் தண்ணீருக்கும் சேர்த்து. கடைசியில் எது சுலபமோ அதை, தண்ணீரில் நனைத்து எடுக்கும் காகிதப் பட்டைகளை, வாங்கி வந்தேன்.

பட்டையை நனைத்ததும் நைட்ரேட் கட்டம் மட்டும் சிவந்துபோனது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புதுத் தொட்டியில் முதலில் அம்மோனியா வரும், அப்புறம் நைட்ரைட், வாரக்கணக்கில் கழித்துத்தான் நைட்ரேட் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் தொட்டியில் முதல் இரண்டும் இல்லை, மூன்றாவது மட்டும் மீனே இல்லாமல் எங்கிருந்து வந்தது? பட்டைதான் கெட்டுப்போனது என்று முடிவு செய்து, மறுபடியும் சேலம் போய், சொட்டு மருந்து ஊற்றிப் பார்க்கும் கிட் வாங்கினேன். அதுவும் சிவப்பு. குலுக்கியது சரியில்லையோ என்று கை வலிக்கக் குலுக்கினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் ஆரஞ்சாகவும் வாசலில் வைத்தால் சிவப்பாகவும் தெரிந்தது. நிறம் ஒப்பிடும் அட்டையில் வீட்டுக்காரர் ஒரு கட்டத்தைக் காட்டினார், நான் வேறொன்றைக் காட்டினேன்.

மூன்றாவது கிட் கேட்டுக் கடைக்கே போன் செய்தேன். கடைக்காரர் பாவப்பட்டு, ஓமலூர்ப் பக்கம் கேன் தண்ணீர் பிளாண்ட் நடத்தும் ஒருவரின் நம்பர் கொடுத்தார். அவரும் கடல் மீன் வளர்ப்பவராம். தயங்கித் தயங்கித்தான் பேசினேன். அவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உப்புக் கலக்காத போர் தண்ணீரைத் தனியாகச் சோதித்தீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றேன். குடிக்கும் கேன் தண்ணீரை ஒரு சோதனைக் குழாயிலும், போர் தண்ணீரை இன்னொரு குழாயிலும் ஊற்றிப் பார்த்துவிட்டுக் கூப்பிடச் சொன்னார்.

கேன் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. போர் தண்ணீர் ரத்தம் மாதிரி சிவந்தது. ஆக, கிட் இரண்டும் நல்ல கிட்தான். அப்பாடா, குழப்பம் தீர்ந்தது என்று சந்தோஷமாகத்தான் அவரைக் கூப்பிட்டேன். அவர் குரல் மாறியது.

"ஏனுங்க அம்மணி, அந்தத் தண்ணிய ஊட்ல ஆராச்சும் குடிக்கறீங்களா? கைக்கொழந்த இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். கொழுந்தனார் வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருந்தது. தாய்ப்பால் பற்றாததால் பவுடர் பால். அது எந்தத் தண்ணீரில் என்று எனக்குத் தெரியாது. பெரியவர்களைவிடக் கைக்குழந்தைகளுக்கு இந்த நைட்ரேட் ஆபத்து, ரத்தத்தையே பாதிக்கும், உதடு, நகம் நீலம் பூத்திருக்கிறதா பாருங்கள் என்றார் அவர்.

போனை வைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். மீனுக்கு வாங்கிய கிட்டை நம்பி ஒரு தாயிடம் போய் உன் குழந்தைக்கு நீ கொடுக்கும் தண்ணீர் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? அட்டையில் நிறம் பார்க்கவே தடுமாறியவள் நான். சொல்லாமல் விட்டு, ஏதாவது ஆகிவிட்டால்? யோசித்தபடியே கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விட்டேன்.

கொழுந்தனார் மனைவி, என் ஓரகத்தி, அடுப்பங்கரையில் இருந்தாள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் புழு இருக்குமோ என்ற பயத்தில், நேராகப் போரிலிருந்து பிடித்துத்தான் பால் கரைக்கிறாள் என்று தெரிந்தது. "நல்லாக் கொதிக்க வெச்சுத்தானுங்க்கா குடுக்கறேன்" என்றாள். கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும் என்று ஓமலூர்க்காரர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கியது. மீன்தொட்டிப் பைத்தியத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். நான் தூளியை விலக்கி, குழந்தையை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தேன். உதடு லேசாகக் கருநீலம். அது எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. ஒரு வாரமாகவே பிள்ளை சோர்ந்து கிடக்கிறான், சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன் என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

நாமக்கல்லில் குழந்தை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, உடனே சேர்த்துக்கொண்டார். இரண்டே நாளில் உதடு பழைய நிறத்துக்கு வந்து, கை காலை உதைத்துக்கொண்டு சிரித்தான். இன்னும் கொஞ்ச நாள் அதே தண்ணீர் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் ஓரகத்தியைப் பார்த்துவிட்டு, இனிமேல் கேன் தண்ணீரிலேயே பால் கரைக்கச் சொன்னார். போர் தண்ணீரை லேபில் கொடுத்தோம். கிட் சொன்னதையே லேபும் சொன்னது.

நைட்ரேட் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, அது என்னிடமே வந்து நின்றது. முன்பெல்லாம் கோழி எருவை ரோட்டோரம் குவித்து வைத்திருந்தோம். ஈயும் நாற்றமும் தாங்காமல், பின்பக்கம் கொட்டச் சொல்லிச் சண்டை போட்டவள் நான். பின்பக்கம் என்றால் போரிலிருந்து எட்டே தப்படியில். மழைத் தண்ணீர் அந்தக் குவியலில் ஊறித்தான் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். சுற்றிலும் வயல்களில் போடும் உரமும் காரணமாக இருக்கலாம் என்று லேபில் சொன்னார்கள். எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஓரகத்தியிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கு மட்டும் என்ன தெரியுமுங்க்கா?" என்றாள். அவள் சொன்னது ஆறுதலா வருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எருக்குவியலைத் தூரமாக மாற்றி, கீழே சிமெண்ட் தளம் போட்டுவிட்டோம். பையன் இப்போது ஓடித் திரிகிறான். ஓமலூர்க்காரரை நான் நேரில் பார்த்ததே இல்லை. நன்றி சொல்லக் கூப்பிட்டபோது, மீன் விட்டுட்டீங்களா என்றுதான் கேட்டார்.

எதிலாவது குழம்பி நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு வாரம்தான் ஞாபகம் வருகிறது: எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் கிட்டைத் தேடி நான் சேலத்துக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான்.