காக்கைச் சோறு வைத்த மதில்

பக்கத்து வீட்டுக்காரரோடு நான் இப்போது பேசுவதில்லை. முன்பு பேசிக்கொண்டிருந்தோம். மராத்தியர் நடுவே, வானவடியில் எங்கள் சந்தில் தமிழ் பேசும் வீடுகள் இரண்டுதான். பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கத்துச் சைவர். நான் கோயம்புத்தூர்க்காரன், ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். எதையும் நாள் கிழமையோடு நினைவில் வைப்பது அந்த வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆகவே இந்தப் பகை எப்படி வளர்ந்தது என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். அவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். அதை அவரே எழுதிக்கொள்ளட்டும்.

இரண்டு வீடுகளின் கொல்லைக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மதில். எங்கள் பக்கம் ஒரு கொய்யா மரம், அதன் அடியில் மரப்பலகையால் செய்த கோழிக்கூடு. ஒரு சேவல், ஒரு வெள்ளைக் கோழி, ஒரு செம்பழுப்புக் கோழி. மூன்றையும் என் மனைவி குஞ்சுகளாகச் சந்தையில் வாங்கி வளர்த்தாள். மகள் நகரத்தின் மறுகோடியில், வாகட்டில், தோழிகளோடு தங்கி வேலைக்குப் போகிறவள். அங்கே ஒத்துவரவில்லை என்று தன் சடை நாயை, “ஒரு மாசம் வெச்சுக்கோங்கப்பா” என்று எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். அந்த மாதம் இன்னும் முடியவில்லை.

அவர் பக்கம் செடி எதுவும் இல்லை. பின்புறம் நாலாவை, அதாவது சாக்கடைக் கால்வாயைப் பார்த்த ஒரு இரும்புக் கதவு உண்டு. தாழ்ப்பாள் துருப்பிடித்து உடைந்துவிட்டதால் அது எப்போதும் திறந்தே கிடக்கும்.

அவருடைய மனைவி முந்தைய ஆண்டு புரட்டாசியில் இறந்துபோனார். அது முதல் தினமும் காலையில் குளித்துவிட்டு, பருப்பும் நெய்யும் பிசைந்த சோற்றை அந்த மதில் மேல் வைத்துக் காக்கையைக் கூப்பிடுவார். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் எங்கள் சந்தில் காக்கை குறைவு, புறாதான் அதிகம். புறாக்கள் சோற்றைக் கிளறித் தள்ளும். அது அவர் பக்கம் கீழே விழும். ஹோலி முடிந்த வாரம் நாலா வழியாக ஒரு நாய் வந்தது. வெயில் முற்றியபோது அவை நான்காகிவிட்டன. சோற்றைத் தின்றுவிட்டு மதில் நிழலிலேயே நாள் முழுவதும் படுத்துக் கிடந்தன.

முதலில் மரியாதையாகத்தான் கேட்டேன்.

“சார், அந்தச் சோத்தை உங்க மொட்டை மாடியில வெச்சா ஆகாதுங்களா? நாய் பழகிப் போச்சு.”

“நான் நாய்க்கா வைக்கேன்? காக்காய்க்குல்லா வைக்கேன்.”

“காக்கா எங்கீங்க திங்குது? நாய்தான திங்குது.”

“கீழ விழுந்தத அது திங்குது. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? அதுவும் பைரவர்தான வே. படியேற என் முட்டி விடமாட்டேங்கு. நீரு வேணா தினமும் வந்து மாடில வச்சுட்டுப் போரும்.”

அன்றைக்கே மரியாதையை விட்டிருக்க வேண்டும்.

முதல் மழைக்குப் பிறகு உண்ணி வந்தது. காலையில் மதிலில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஊர்ந்து ஏறுவதை மனைவிதான் பார்த்தாள். அவர் பக்கம் ஏறி, மேலே உள்ள வெடிப்பில் நுழைந்து, எங்கள் பக்கம் இறங்கின. ரத்தம் குடித்துப் புடைத்தவை ஆமணக்கு விதை போலவே இருந்தன. ஆமணக்குச் செடிக்கு லத்தீனில் உண்ணியின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அதைப் படித்தபோது சுவாரசியமாக இருந்தது.

சடை நாய் சாப்பாட்டை நிறுத்தியது. ஈறு வெளுத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கால்நடை மருத்துவர் அதன் காது மடலைத் திருப்பி, “கோச்சீட்” என்றார். மராத்தியில் உண்ணிக்கு அதுதான் பெயர். ரத்தத்தில் காய்ச்சல் ஏறிவிட்டது, ஒரு மாதம் மாத்திரை கொடுக்க வேண்டும், பிழைப்பது அதன் பாடு என்றார். நாய்க்கு அடிக்கும் மருந்தைக் கோழி மேலும் கூட்டிலும் அடித்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை எச்சரித்தார். கோழியைப் பிடிக்கும் உண்ணி வேறு, அது பகலில் பலகை இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வரும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகள் அத்தோடு போயின. கூட்டைப் பலகை பலகையாகக் கழற்றி, இடுக்கையெல்லாம் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து வெயிலில் காயவைப்பேன். எங்கள் பக்கத்து மதில் வெடிப்புகளைச் சிமெண்ட் பூசி அடைத்தேன். மனைவி சடை நாயை மடியில் போட்டு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவாள். அவர் பக்கத்து வெடிப்புகளையும் நானே பூசித் தருகிறேன் என்றதற்கு அந்த மனிதர் ஒப்பவில்லை.

“என் செவுத்துல கை வைக்காதீரும். உம்ம மருந்து கிருந்து பட்டு ஒரு காக்கா செத்தா யாரு பொறுப்பு?”

“மருந்து இல்லீங்க சார், சிமெண்டுங்க.”

“எதுவா இருந்தாலும் உம்ம பக்கத்தோட நிறுத்திக்கிடும்.”

நாய் பிடிக்கும் வண்டிக்குச் சொன்னேன். வந்து நான்கையும் பிடித்துப் போனார்கள். கருத்தடை செய்து, காது நுனியை வெட்டி, விதிப்படி பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டார்கள். அன்று அவர் அவற்றுக்குத் தயிர்சாதம் வைத்தார். அது காக்கைக்கு என்று அவரால்கூடச் சொல்ல முடியாது.

காவலுக்கு இருந்த சடை நாயோ எழுந்து குரைக்கவும் தெம்பில்லாமல் வாசலில் கிடந்தது. அதை நான்கும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கின்றன. பல்லக்கு யாத்திரையான பால்கி ஊருக்குள் வந்து போன மறுநாள் ஒன்று மதில் தாண்டி வந்து வெள்ளைக் கோழியைக் கொண்டுபோனது. நாலாவரை இறகு கிடந்தது. நான் அவர் கதவைத் தட்டினேன்.

“கோழி வளத்தா நாய் வரத்தான் செய்யும்” என்றார். பிறகு என் தோளுக்கு மேல் என் மனைவியைப் பார்த்து, “வாரா வாரம் கோழிக்கறி திங்கிய வீடு. கோழி செத்துச்சுன்னு அழுதா எப்படிம்மா?” என்றார்.

மனைவி அவ்வளவாக வாயாடுகிறவள் அல்ல. “கடைக்கறி வேறீங்க, பேரு சொன்னா ஓடியாறது வேறீங்க. உங்களுக்குச் சொன்னாப் புரியாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குடியிருப்புச் சொசைட்டியின் தலைவரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆபஸ் மே தேக் லீஜியே” என்றார். நீங்கள் இருவரும் மதராசிகள், உங்களுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள்.

கணபதி வைத்திருந்த வாரத்தில் செம்பழுப்புக் கோழி ஒன்பது முட்டைகளோடு அடையில் உட்கார்ந்தது. அடுத்த சில நாளில், கணபதியோடு வைக்கும் கௌரியை அனுப்பி வைக்கும் நாளன்று, மறுபடி ஒரு நாய் மதில் ஏறியது. கூட்டை நோக்கி வந்ததைப் பார்த்துச் சேவல் அதன் முகத்தில் பாய்ந்தது. நான் தடியோடு ஓடிப் போவதற்குள் சேவலின் கதை முடிந்திருந்தது. நாய் கூட்டைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

மனைவி கூட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, “சேவலும் போச்சு. இனி இந்த ஒம்போதுதானுங்க. இதுக பொரிச்சா உண்டு, இல்லீன்னா நம்மகிட்ட ஒண்ணுமில்லை” என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கோழியும் ஒன்பது முட்டையும்தான் எங்கள் வீட்டில் பேச்சு.

கணபதியைக் கரைத்த மறுநாளே கபூத்தர் ஜாலி கட்டுகிறவர்களைக் கூப்பிட்டேன். இந்த ஊரில் புறா வராமலிருக்க எல்லாப் பால்கனியிலும் கட்டும் நைலான் வலைதான் அது. “நாய்க்கா?” என்று இந்தியில் கேட்டுச் சிரித்துவிட்டு, எங்கள் வீட்டுக் கூரை விளிம்பிலிருந்து மதிலின் மேல் விளிம்பு வரை இழுத்து, கொக்கி அடித்துக் கட்டிக் கொடுத்தார்கள். நாய்கள் பாய்ந்து பார்த்தன. வலை அவற்றைத் திருப்பி எறிந்தது. முதல் தடவை அது நடந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “என்ன வே, காக்காய்க்குப் பாதைய அடச்சிட்டீரு?”

“உங்க பக்கம் வானம் தொறந்துதானுங்க கெடக்குது.”

“எந்தக் காக்கா வே வலைப் பக்கத்துல வந்து உக்காரும்? அடுத்த வாரம் அவ திதி.”

“அதுக்கு நானென்னங்க பண்ணட்டும்?” என்றேன். அவர் என்னிடம் சொன்ன அதே பதில்தான். சொல்லும்போது இனிப்பாக இருந்தது.

அது பித்ரு பட்சம். அந்தப் பதினைந்து நாளும் மராத்தியர் வீடுகளிலும் காக்கைக்குப் படைப்பார்கள். எல்லா மாடியிலும் இலை, எல்லா இலையிலும் சோறு, காக்கைக்குத்தான் தட்டுப்பாடு. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, அவர் மனைவியின் திதி. மகன் வெளிநாட்டில், வந்திருந்த புரோகிதரும் அடுத்த திதி வீட்டுக்கு அவசரமாகப் போய்விட்டார். அவர் மதில் மேல் இலையில் சோற்றை வைத்து, ஈர வேட்டியோடு தனியாக நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் கம்மிவிட்டது. நான் கொய்யா மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

கடைசியில் ஒரு காக்கை வந்தது. எங்கள் கூரைப் பக்கமிருந்து, அந்த இலையையே குறிவைத்துத் தாழப் பறந்து வந்தது. நடுவில் இருந்த வலை அதற்குத் தெரியவில்லை. ஒரு சிறகும் தலையும் கண்ணியில் மாட்டிக்கொண்டு அலறியது. இல்லாத காக்கைகளெல்லாம் எங்கிருந்தோ வந்து வானத்தில் சுற்றின.

அவர் உள்ளே ஓடிப்போய்ப் பெரிய கத்தரிக்கோலோடு வந்தார். அந்த முட்டி அன்று எப்படி ஓடியதோ.

“இருங்க சார், கண்ணியை மட்டும் வெட்டலாம். குடுங்க, நான் எடுத்துவிடறேன்.”

“தொடாதீரும்! வந்திருக்கது யாருன்னு தெரியுமா உமக்கு?”

கொக்கிக்குக் கொக்கி, விளிம்பு நெடுக வெட்டினார். வலை ஒரு பக்கமாகச் சரிந்தது. காக்கை விடுபட்டு, சோற்றைத் திரும்பியும் பார்க்காமல் பறந்துபோனது.

“அவள வலையில புடிச்சிட்டீரே வே” என்றார்.

“உங்களைப் பாக்க வந்திருந்தா உங்க பக்கமா வந்திருப்பாங்க. எங்க கூரை வழியா எதுக்குங்க வர்றாங்க?” என்றேன்.

அவர் கத்தரிக்கோலை மதில் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் சொன்னதை இன்றும் சொல்வேன்.

வலைக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. கிழிந்த இடத்தில் கிடைத்த கயிற்றைச் சுற்றிவிட்டு, மதியம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். மனைவி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது கூட்டுக் கதவு பிளந்து கிடந்தது. செம்பழுப்பு இறகு மதில் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது, இலைக்குப் பக்கத்தில். அடைக்கோழி எழுந்து ஓடாது. உட்கார்ந்தபடியேதான் போயிருக்கும்.

முட்டைகள் உடையவில்லை, ஆறியிருந்தன. மனைவி அவற்றைப் பஞ்சில் பொதிந்து, ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து, குண்டு பல்பைப் போட்டு அதன் பக்கத்திலேயே இருந்தாள். இன்னும் இரண்டொரு நாளில் பொரிய வேண்டியவை. ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டாள். வெள்ளிக்கிழமை முழுவதும் கேட்டாள். சனிக்கிழமை காலை பல்பை அணைத்துவிட்டு, “கொண்டுபோய்க் கொய்யா மரத்தடியில பொதச்சுருங்க” என்றாள்.

அன்று மகாளய அமாவாசை. நான் மண்வெட்டியை எடுக்கவில்லை. ஒன்பது முட்டைகளையும் மதில் மேல், அவர் சோறு வைக்கும் அதே இடத்தில் வரிசையாக வைத்தேன். முட்டை பட்ட பாத்திரத்தைக்கூடத் தொடாத சைவர். நெய்ச்சோற்றோடு வந்து பார்க்கட்டும் என்று கொய்யா மரத்தடியில் காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் யோசித்து வைத்திருந்தேன்.

அவர் வருவதற்குள் காக்கைகள் வந்துவிட்டன. ஒன்று வந்து உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு நான்கு, ஐந்து. ஓட்டைக் கொத்தி உடைத்து, உள்ளே இருந்ததை இழுத்துத் தின்றன. அப்போது அவர் கதவு திறந்தது. கையில் தட்டு. குளித்து விபூதி பூசியிருந்தார்.

அவர் முட்டையைப் பார்த்தார். எது, யாருடையது என்பதெல்லாம் அவருக்குப் புரிந்தது; முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். கடைசி ஓடு காலியாகும் வரை அப்படியே நின்றார்.

“வந்துட்டா வே” என்றார். “இன்னைக்குத்தான் வயிறாறத் தின்னுருக்கா.”

அவர் குனிந்து தட்டை எடுத்து, சோற்றை ஓடுகளின் மேலேயே கொட்டினார். காக்கைகள் அதைச் சீண்டவில்லை. சோறு சரிந்து அந்தப் பக்கம் விழுந்தது. மதிலுக்குக் கீழே நான்கும் எழுந்து உடம்பை உதறிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை இரும்பு வலை அடித்தேன். எலிகூட நுழையாது. உள்ளே காப்பதற்கு ஒன்றுமில்லை. மனைவி கூட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.