கோதண்டராமன் கண்ணும் மூன்று மென்பொருளும்

மைக்ராஸ்கோப் பொய் சொல்லலாம், கம்ப்யூட்டர் பொய் சொல்லலாம், கோதண்டராமன் கண் மட்டும் பொய் சொல்லாது. பெங்களூர் பொம்மசந்திராவில் இருக்கும் அந்த மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

அவர் அங்கே என்ன வேலை செய்கிறார் என்று சொந்தக்காரர்களுக்கு முப்பது வருஷமாகப் புரியவில்லை. இத்தனைக்கும் விஷயம் எளிதுதான். ஒரு புரதத்தை உறைய வைத்துப் படமெடுத்தால் பனிமூட்டம் மாதிரி ஓர் உருவம் கிடைக்கும். அதற்கு மேப் என்று பெயர். புரதம் என்பது கோத்த மணிமாலை. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்பது முன்பே தெரியும். மாலையை அந்த மூட்டத்துக்குள் வளைத்து நெளித்து, ஒவ்வொரு மணியையும் அதனதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் மருந்து எந்தப் பள்ளத்தில் போய் ஒட்டும் என்று தெரியும். தப்பாக உட்கார்ந்தாலும் படம் அழகாகத்தான் இருக்கும். அதுதான் இந்தத் தொழிலில் உள்ள கஷ்டம்.

கோதண்டராமனிடம் இருந்தது ஒரு பி.எஸ்ஸி. பட்டம். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் அவர் மேஜைக்கு வந்து, "சார், இந்த மணி எங்க போகும்?" என்று கைகட்டி நின்றபோது கிடைத்த திருப்தியை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது. பதில் சொல்லுமுன் கண்ணாடியைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டிக்கொள்வார். அதற்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் அவர் வேண்டுமென்றே எடுத்துக்கொள்வது.

அவர் புகழுக்கெல்லாம் ஆதாரம் ஏழாம் நம்பர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு மோசமான மேப் அது. இரண்டு டாக்டர்கள் கைவிட்டுப் போன பிறகு, கோதண்டராமன் நாலு மாதம் உட்கார்ந்து மணி மணியாகக் கையால் கட்டினார். உலகத்துக்கே பொதுவான சேமிப்பகத்தில் அவர் பெயரை முதல் பெயராகப் போட்டு அது ஏறியது. அதை வைத்து இதுவரை நாற்பத்தொரு ஆராய்ச்சிக் கூடங்கள் வேலை செய்திருக்கின்றன. அந்தப் படத்தைக் கம்பெனி பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு, தாழ்வாரத்தில் தீயணைப்பு உருளைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. தினமும் காலையில் வேனை விட்டு இறங்கியதும், தொம்மலூரிலிருந்து சில்க் போர்டு நெரிசல் வழியாக வந்த களைப்பு அந்தப் படத்தைப் பார்த்ததும் போய்விடும்.

இந்த வருஷம் கம்பெனிக்கு ஒரு பரீட்சை நடத்தத் தோன்றியது. மணிகளைத் தள்ளி உட்கார வைக்க மூன்று மென்பொருள்கள் இருந்தன. ஒன்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இலவசமாகக் கொடுக்கும் பழையது. மெதுவாக ஓடும், கலர் கிடையாது. ஆபீசில் அதை அஜ்ஜா, அதாவது கன்னடத்தில் தாத்தா, என்று கூப்பிட்டார்கள். இரண்டாவது, வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பித்து, புது மெஷின் வாங்கிக் கொடுத்து, முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வந்ததில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மூன்றாவது கம்பெனியே செய்த நேத்ரா. கோதண்டராமன் வாழ்நாளில் கட்டிய முந்நூறு மாடல்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

மூன்றுக்கும் பன்னிரண்டு மேப்பும், ஒவ்வொன்றுக்கும் தோராயமான ஓர் ஆரம்ப மாடலும் கொடுத்தார்கள். விடைக்குறிப்பு, கோதண்டராமன் கையால் கட்டிய மாடல்கள். அதற்கு யார் அதிகம் கிட்டே வருகிறார்களோ அவர்களுக்கு முதல் இடம். நேத்ரா அதே விடைக்குறிப்பை வைத்துத்தான் படித்தது என்பதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை. நல்ல பிள்ளை என்றால் படித்துவிட்டுத்தானே பரீட்சைக்கு வரும்?

பதினோரு மேப்பில் மூன்றும் ஏறக்குறைய சமம். ஏழாம் நம்பரில்தான் வித்தியாசம் தெரிந்தது. நேத்ரா முதல், மாப்பிள்ளை இரண்டு, அஜ்ஜா வெகுதூரம் தள்ளி மூன்று. கம்பெனித் தலைவர் ஸ்ரீஹர்ஷாவுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. 'கோதண்டராமன் கண்ணோடு பிறந்த மென்பொருள்' என்று விளம்பரமே தயார். வருகிற மார்ச்சில் அறுபது முடிந்து வீட்டுக்குப் போகவேண்டிய கோதண்டராமனுக்கு, முதன்மை ஆலோசகர் என்ற பதவியோடு இன்னும் இரண்டு வருஷம். வெள்ளிக்கிழமை காவேரி அறையில் மீட்டிங் வைத்து அறிவிப்பதாக ஏற்பாடு. மீட்டிங் அறைகளுக்கு நதிகளின் பெயர் வைத்திருந்தார்கள். அதில் காவேரி மட்டும் கேட்ட நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. பெங்களூர்த் தமிழர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அறிக்கை எழுதும் பொறுப்பு கோதண்டராமனுடையது. புதன்கிழமை மத்தியானம், தோற்ற மென்பொருள் எவ்வளவு கேவலமாகத் தோற்றது என்று காட்ட ஒரு படம் போட்டால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஏழாம் நம்பரில் அஜ்ஜா அதிகம் சொதப்பியிருந்த இடத்தைத் தேடினார். 205 முதல் 222 வரை, பதினெட்டு மணிகள் கொண்ட ஒரு சுருள். எல்லா மணியும் அவர் வைத்த இடத்திலிருந்து ஓர் இடம் தள்ளி உட்கார்ந்திருந்தது.

"சட்டைப் பொத்தானை ஒரு காஜா தள்ளிப் போட்டுட்டு வந்திருக்கான் கிழவன்" என்று சத்தமாகவே சொல்லிச் சிரித்தார். மற்றவர்கள் இந்தத் தப்பைச் செய்யும்போதெல்லாம் அவர் சொல்வது அது. நடுவில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். கழுத்துக்கு வந்தால்தான் ஒரு பொத்தான் மிஞ்சும்.

படத்தைப் பெரிதாக்கினார். சிரிப்பு நின்றது.

அந்தச் சுருளின் ஓரத்தில் மூட்டம் ஒரு பெரிய புடைப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதை அவர் வெறும் தூசி என்று ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் மணிகளிலேயே மிகச் சிறியதான கிளைசினை வைத்திருந்தார். அஜ்ஜா அங்கே வைத்திருந்தது 213ஆம் மணியான ட்ரிப்டோஃபேன், இருப்பதிலேயே பெரிய மணி. கை உறைக்குள் கை நுழைந்த மாதிரி அது அந்தப் புடைப்புக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கோதண்டராமன் சுருளின் இரண்டு முனைகளையும் பார்த்தார். மூட்டம் மெலிந்த இடங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்து, இன்னொரு பக்கம் கொஞ்சம் சுருக்கி, கணக்கைச் சரிக்கட்டியிருந்த கை அவருடையது. காஜா மாற்றிப் போட்டவர் அவர்தான். நேத்ரா பாவம், சரியாக இருந்த ஆரம்ப மாடலைக்கூட மெனக்கெட்டுத் தள்ளி, அவர் தப்பை அச்சு அசலாக நகலெடுத்து முதல் மார்க் வாங்கியிருந்தது.

அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. அதைவிட மோசமாக, ஒரு மெயில் ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதிதாகச் சேர்ந்த சுப்ரியா அனுப்பியது. 'சார், ஏழாம் நம்பரில் 205லிருந்து ஓர் இடம் தள்ளிப்போயிருக்குமோ? 213 அந்தப் புடைப்பில் சரியாகப் பொருந்துகிறது.' பணிவான மெயில், அவருக்கு மட்டும் அனுப்பியது. அதற்கு அவர் ஆபீஸ் முழுவதற்கும் நகல் போட்டு ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார்: 'கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கவும்.' அன்றைக்குக் கான்டீனில் எல்லோரும் சிரித்தார்கள். சுப்ரியாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டில் ரசம், அவர்கள் வீட்டுப் பேச்சில் சாத்தமுது, ஆறிக்கொண்டிருந்தது. மனைவி பாமா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

"பாமா, பரீட்சைல ஆன்ஸர் கீயே தப்புன்னா உங்க ஸ்கூல்ல என்ன பண்ணுவா?"

"எல்லாருக்கும் முழு மார்க் போட்டுடுவோம். கீ எழுதினவருக்கு மெமோ."

"எழுதினது ரொம்ப சீனியரா இருந்தா?"

பாமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மெமோ கொடுக்க யாருக்கும் தைரியம் வராது. அவரேதான் எழுதிக்கணும். ஏன், யார் எழுதின கீ?"

"சும்மாக் கேட்டேன்" என்றார் கோதண்டராமன். சாத்தமுதை அப்படியே குடித்தார்.

வியாழக்கிழமை காலை ஸ்ரீஹர்ஷாவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். ஸ்ரீஹர்ஷா கதவைச் சாத்திவிட்டுத் தன் கன்னடம் கலந்த தமிழில் ஆரம்பித்தார்.

"சார், சும்னே டென்ஷன் ஆகாதீங்க. பதினோரு வருஷமா யாரும் கேக்கல."

"சுப்ரியா கேட்டா."

"நீங்கதான் அப்பவே பதில் சொல்லிட்டீங்களே! ஏழாம் நம்பரை எடுத்துட்டா மூணும் ஒரே மார்க்குதான், நேத்ராவை எப்படி விக்கறது? உங்க கண்ணை நம்பித்தான் சார் இவ்ளோ பண்ணிருக்கோம். ஆலோசகர் லெட்டர்கூட டைப் ஆயித்து. நாளைக்குக் காவேரில வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்."

எவ்வளவு கரிசனம்! கோதண்டராமன் விரும்பியதும் அதைத்தானே. வெளியே வந்து தாழ்வாரத்தில் படத்தின் முன்னால் நின்றார். முதல் முறையாக அவர் கண் அவர் பெயரைத் தாண்டி அந்தச் சுருளுக்குப் போனது. புடைப்பு நன்றாகவே தெரிந்தது. பதினோரு வருஷமாகத் தினமும் அதன் முன்னால் நின்றிருக்கிறார். நாற்பத்தொரு கூடங்களில் எத்தனை பேர் இல்லாத பள்ளத்துக்கு மருந்து தேடினார்களோ தெரியாது. அந்த எண்ணம்தான் அவரை அதிகமாகச் சுட்டது.

மத்தியானம் முழுவதும் வேறு யாரையும் மேஜைக்கு அண்டவிடாமல் அந்தப் பதினெட்டு மணிகளையும் திருத்தினார். ட்ரிப்டோஃபேன் உள்ளே போய் உட்கார்ந்தபோது, இத்தனை வருஷமாகக் கட்டியதில் வராத ஒரு நிம்மதி வந்தது. பிறகு அறிக்கையின் அட்டவணையைத் திருத்தினார். இப்போது ஏழாம் நம்பரில் அஜ்ஜா முதல், மாப்பிள்ளை இரண்டு, நேத்ரா மூன்று. அதோடு விடவில்லை. மூன்று பெயருக்குக் கீழே நாலாவதாக ஒரு வரிசை சேர்த்தார்: 'கோதண்டராமன், கைவேலை.' அவருடைய பழைய மாடலுக்குக் கிடைத்த மார்க் நேத்ராவுக்கும் ஒரு மயிரிழை கீழே இருந்தது. ஒரு தசமப் புள்ளியும் கூட்டாமல் அதை அப்படியே போட்டார்.

பொதுச் சேமிப்பகத்துக்கு, தன் மாடலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதியதைப் போடும்படி விண்ணப்பம் போட்டார். பிறகு இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த மெயிலைத் தேடி எடுத்தார். நகலில் இருந்த எழுபத்திரண்டு பேரில் ஒருவரையும் நீக்காமல், அட்டவணையை இணைத்து, தன் ஒற்றை வரிக்குக் கீழேயே பதில் எழுதினார்:

'கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி, சுப்ரியா. தப்பு என்னுடையது.'

மெயிலை அனுப்பினார். பக்கத்து மேஜைக்காரர் திடீரென்று தண்ணீர் பிடிக்கப் போனார். ஐந்து நிமிஷத்தில் வெள்ளிக்கிழமை மீட்டிங் ரத்து என்று செய்தி வந்தது. சரித்திரத்தில் முதல் முறையாகக் காவேரி காலியாக இருந்தது. ஆலோசகர் லெட்டரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வேனுக்குக் கிளம்ப அவர் பையை எடுத்தபோது, சுப்ரியாவிடமிருந்து பதில் வந்தது. இந்த முறை அவரும் அவளும் மட்டும்.

'மிக்க நன்றி சார். நேரம் இருந்தால் மூன்றாம் நம்பரில் 88ஐயும் ஒருமுறை பார்க்க முடியுமா?'

கோதண்டராமன் இரண்டு தடவை படித்தார். அவருக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, இந்தத் தடவை நிஜமாகவே அழுக்குப் போகத் துடைத்துக்கொண்டு மூன்றாம் நம்பரைத் திறந்தார்.