நுனி இல்லாத இலை

கையால் அடித்த சின்னக் கத்தி ஒன்றைத் தோலுறையோடு ஆன்லைனில் வாங்கினேன். காட்டில் விறகு சீவலாமாம். கும்பகோணத்தில் இரண்டாவது மாடியில் எனக்கு ஏது காடு? கேரட் சீவலாமென்று உருவினேன். அப்போது வந்த எண்ணெய் வாசனை என்னை எட்டாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டது.

அன்றும் இப்படி ஒன்று வைத்திருந்தேன். கொல்லுப் பட்டறையில் கெஞ்சி, உடைந்த லாரி வில்பட்டையில் அடித்து வாங்கியது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு வாய்க்கால் கரையில் கோரைகளை வெட்டிச் சாய்த்த மாவீரன் நான்.

அக்காவுக்குக் கல்யாணமாகி அத்தான் முதல்முறை விருந்துக்கு வந்திருந்தார். கொல்லையில் வாழையிலை அறுத்து வரச் சொன்னார்கள். நுனியெல்லாம் கோணலாக இருக்கிறதே என்று என் கத்தியால் நறுக்கித் தள்ளி, இலைகளைச் சதுரமாக்கி நானே கொண்டுவந்து விரித்தேன். விருந்தாளிக்கு நுனியிலைதான் மரியாதை என்பது தஞ்சாவூர் ஜில்லாவில் எனக்கு மட்டும் தெரியவில்லை.

அத்தான் கையைக் கட்டிக்கொண்டார். "நுனி எங்க மாமா?"

அப்பா முகம் செத்துப்போய்விட்டது. மாப்பிள்ளை சாப்பிடாமல் எழுந்துவிட்டால், அக்கா அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து இருப்பாள்?

அக்காதான் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "மாடு தின்னுக்கிட்டு இருக்குங்க."

"அப்ப அதுதான் இந்த வீட்டு மாப்பிள்ளையா?"

அக்கா சிரித்துவிட்டாள். அத்தானுக்கும் அடக்க முடியவில்லை. "சோத்தப் போடுங்க அத்தை" என்றார்.

"அறிவுகெட்டவனே, அந்தக் கத்திய மொதல்ல கொளத்துல போடு!" என்றார் அப்பா. போட்டேன்.

புதுக் கத்தியைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே அக்காவிடமிருந்து பதில்: "அத்தான் கேக்குறாரு, இன்னிக்கி எந்த மாப்பிள்ளைக்குடா விருந்து?"