காவிரிக்கு நீலம் அடித்தவர்கள்

என் கணவரை எந்த ஊருக்குக் கூட்டிப்போனாலும் கோபுரத்தைப் பார்க்க மாட்டார், காலண்டரைத்தான் பார்ப்பார். சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கிற ஆட்களுக்கெல்லாம் இந்த வியாதி உண்டு. டீக்கடையோ டாக்டர் வீடோ, சுவரில் தொங்குகிற காலண்டரின் அடியைத் தூக்கி, யார் அடித்தது என்று பொடி எழுத்தைப் படித்து, தாளை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் உட்காருவார்கள். திருச்சிக்குக் கிளம்பும்போதே மகள் என்னை எச்சரித்தாள்.

"அம்மா, அங்கன போயி அப்பாவக் காலண்டர் பக்கம் விட்றாதீக."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. கூடப் படித்த திருச்சிப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை, தொழிலையும் அவள்தான் பார்க்கிறாள். சிவகாசிக்கே வந்துவிடுகிறேன் என்று பையனும் சொல்லிவிட்டான். அவன் அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. ஓய்வுபெற்ற டீச்சர், கணவர் இல்லை, அவருக்கும் ஒரே மகன். "முதல்ல எங்க ஊரை வந்து பாருங்க. அப்புறம் பேசலாம்" என்று போனில் சொன்னார்.

ஆடி கழிந்து ஆர்டர் குவிகிற நேரம். ஆபீஸை மகளிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் போனோம்.

காலையிலேயே டீச்சர் எங்களை மலைக்கோட்டையில் ஏற்றிவிட்டார். உச்சியில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, கீழே அகலமாகக் கிடந்த காவிரியைக் காட்டி, "உங்க ஊர்ல இப்படி ஆறு உண்டா?" என்றார். இல்லை என்றேன். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தின் முன்னால் கழுத்து வலிக்க நிறுத்தி, "இப்படிக் கோபுரம்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அரசாங்க முத்திரையில் இருப்பதே எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. மகள் முகத்தை நினைத்து விழுங்கிக்கொண்டேன். பையன் பாவம், கண்ணாடியில் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கார் ஓட்டினான்.

கல்லணையில் மதகெல்லாம் திறந்து தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. அதைப் பார்த்ததும், யோசிக்காமல் நானே உளறிவிட்டேன்.

"என்னங்க, ப்ளூ கம்மியா இருக்கு!"

வருஷாவருஷம் கல்லணைப் படம் போட்டுக் காலண்டர் அடிக்கிறோம். எங்கள் கல்லணையில் தண்ணீர் பளீரென்று நீலமாக ஓடும். இங்கே செம்மண் கரைத்தது போல இருந்தது. டீச்சர் முகம் மாறிவிட்டது. "காவிரிக்கு என்னங்க குறை?" என்றார்.

அதற்குள் டீக்கடையிலிருந்து என் கணவர் கத்தினார். "இங்கன வாங்க, இங்கன வாங்க! நாம அடிச்சது தொங்குது!" ஒரு கையில் காலண்டரின் அடி, முகமெல்லாம் பல்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார், திரும்பி ஆற்றைப் பார்த்தார். "எங்க காவிரிக்கு யாரு இந்தச் சாயத்தைப் பூசினது?"

"நாங்கதான் டீச்சர்" என்றேன். "இருக்கிற கலர்லயே அடிச்சா, தண்ணி கலங்கலா இருக்குன்னு ஆர்டர் குடுத்தவுக லோடையே திருப்பி அனுப்பிருவாக."

டீச்சர் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பையன் கொய்யாப்பழம் வாங்கப் போயிருந்தான். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டே டீச்சர் கேட்டார். இந்தத் தடவை குரலில் வீம்பு இல்லை.

"சரி, நான் உங்க ஊருக்கு வந்தா எனக்கு என்னத்தைக் காட்டுவீங்க?"

நான் நிஜமாகவே யோசித்தேன். விருதுநகர் பரோட்டா, சாத்தூர் சேவு எல்லாம் தின்கிற சமாச்சாரம். அய்யனார் அருவி மழை பெய்தால்தான் விழும். எங்கள் அர்ச்சுனா நதியில் பாதி வருஷம் ஆடுதான் மேயும். காலையிலிருந்து அடக்கிவைத்த எரிச்சலில் பட்டென்று சொல்லிவிட்டேன்.

"ஒங்க மகனத்தான் காட்டணும் டீச்சர். எங்க ஊர்ல வேற என்ன இருக்கு?"

அவர் கையில் டம்ளர் அப்படியே நின்றது. காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதைப் பார்க்க நான் மாசாமாசம் வருவேனே" என்றார்.

"வாங்க" என்றேன். ஆறிப்போன டீக்குப் பதிலாக அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.