பெரிய கிளாக்கரின் கையெழுத்து

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபிஸில் தம்பிஐயா பெரிய கிளாக்கர். முப்பது வருடம் கையெழுத்துப் போட்டே சம்பளம் வாங்கிய மனிதர். தன் கையெழுத்து விழாத எதையும் அவர் மதித்ததில்லை.

2001இல் கம்பியூட்டர் வந்ததும், தோட்டத்துப் பழைய பிறப்புப் பதிவேடுகளை ஸ்கேன் செய்வித்து இரண்டு சீடிகளில் ஏற்றினார். "இனி நூறு வருசத்துக்கு ஒண்டும் ஆகாது" என்று சொல்லி, பதிவேடுகளைத் தொழிற்சாலை அடுப்பில் போட்டு எரித்தார். சீடிகளை வெறுமனே வைக்க அந்த மேதைக்கு மனம் வருமா? இரண்டின் முதுகிலும் பேனாவை அழுத்தி, ஓரம்வரை வால் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருடம் கழித்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண்டியப்பன் அடையாள அட்டைக்காகத் தன் பிறப்புப் பதிவைக் கேட்டு வந்தார். இரண்டு சீடியும் திறக்கவில்லை. தம்பிஐயா ஹட்டன் டவுனுக்குக் கொண்டுபோக, அங்கே கம்பியூட்டர் கடைக்காரர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பதிவு இருக்குறது இந்த மேல்பூச்சுக்குக் கீழதாங்க. பேனா கீறி, கீறல் வழியா ஈரம் ஏறிருச்சு. இதுல யாருங்க கையெழுத்துப் போட்டது?"

தம்பிஐயா சீடிகளை வாங்கிக்கொண்டு கிளம்பினார். தோட்டத்துக்குத் திரும்பியதும் ஆண்டியப்பனைக் கூப்பிட்டார். 'இந்தப் பெயரில் பிறப்புப் பதிவு எதுவும் இல்லை' என்று ஒரு கடிதம் அடித்து, அதன் அடியில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.