ஊசியில் மிஞ்சிய பாதி

என் மகளுக்கு மூக்கின் இடப்பக்கம், மேலுதட்டுக்குச் சற்று மேலே, ஓர் அரிசி நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. வெளியே வெயிலில் அவ்வளவாகத் தெரியாது. எங்கள் சமையலறை ட்யூப்லைட்டில் நன்றாகத் தெரியும். ஊசி போட்டவர் டாக்டர். போடச் சொன்னது நான். இதை எழுத உட்கார எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

போன வருடம் அவளுக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரத்தில் எட்டுக் கிலோ இறங்கினாள். பிறகு உடம்பு தேறியது, கையும் இடுப்பும் பழையபடி ஆயின, கன்னம் மட்டும் திரும்பவில்லை. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திவிட்ட மாதிரி பள்ளம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறிக்காரம்மா அவளைப் பார்த்து, "இன்னா பாப்பா, ஆபீஸ்ல சோறு போட மாட்டாங்களா?" என்று கேட்டார். "வேலை மட்டுந்தான் போடுறாங்க" என்று இவள் சிரித்தாள். சிரிக்கும்போது பள்ளம் இன்னும் ஆழமாவதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. வரன் பார்க்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவள் அப்பா போய் ஆறு வருடமாகிறது. ஜாதகத்தோடு போட்டோ அனுப்புவது, பதில் வராவிட்டால் நாசூக்காக மறுபடி கேட்பது எல்லாம் நான் ஒருத்திதான். நான் அனுப்பிக்கொண்டிருந்த போட்டோ காய்ச்சலுக்கு முன்னால் எடுத்தது. உறவுக்காரர் கல்யாணத்தில், பட்டுப்புடவையில், கன்னம் நிறைய யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். அதைவிட நல்ல போட்டோ இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கே.கே. நகரிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. பையனின் அம்மா கையில் போன். போனைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"போட்டோ எப்பங்க எடுத்தது?"

"போன தீபாவளிக்கு" என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பதில் வரவில்லை.

"புதுசா ஒண்ணு எடுத்து அனுப்பும்மா. பொய் சொல்றது நீ, வெக்கப்படுறது நான்."

"ஒரு மாசம் போகட்டும். பாதாம் ஊறவெச்சுத் தரேன்."

"நீ தர்ற பாதாமெல்லாம் நேரா இடுப்புக்குத்தான் போகுது."

பள்ளத்தை ஊசியால் நிரப்பும் ஃபில்லர் என்ற பேச்சை எடுத்தது அவள்தான். அவளோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி கண்ணுக்குக் கீழே போட்டுக்கொண்டாளாம், சொன்ன பிறகுதான் இவளுக்கே தெரிந்ததாம். "பேசாம நானும் கன்னத்துல காத்தடிச்சுக்கிறேன்" என்று தோசை தின்றுகொண்டே சொன்னாள். வேடிக்கையாகச் சொன்னாள். நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் பள்ளியில் ஓய்வு வகுப்பில் உட்கார்ந்து போனில் படித்தேன். நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிறவள். நம் உடம்பிலேயே இருக்கும் ஒரு பொருளைப் பசை மாதிரி செய்து தோலுக்கடியில் ஏற்றுகிறார்கள், பிடிக்கவில்லை என்றால் இன்னொரு ஊசியால் கரைத்துவிடலாம் என்று போட்டிருந்தது. கரைத்துவிடலாம் என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

அடையாறிலிருந்து ஒரு வரன், இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அதே போட்டோதான் அவர்களுக்கும் போயிருந்தது.

பனகல் பார்க்கிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், முதல் மாடியில் இருந்தது கிளினிக். டாக்டருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் போனில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி மகளின் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, "இந்த அளவுக்கு வரணும் டாக்டர்" என்றேன்.

"அம்மா, நான் என்ன ப்ளவுஸ் பிட்டா? மேட்சிங் சென்டர் பக்கத்துத் தெருவுல இருக்கு" என்றாள் மகள்.

டாக்டர் சிரித்துவிட்டார். புடவை முந்தானையைத் துணியின் மேல் வைத்து நிறம் பார்க்கும் அதே கைதான் எனக்கு.

"போட்டோவை உள்ள வைங்க ஆன்ட்டி. அதுல லைட் இருக்கு, மேக்கப் இருக்கு, காய்ச்சலுக்கு முந்தின சதை இருக்கு. அத்தனையும் நான் ஊசியில கொண்டுவந்தா முகம் ஊதிடும். கொஞ்சமாப் போடுவோம். ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்துட்டு, வேணும்னா இன்னும் கொஞ்சம். பாக்குறவங்க 'நல்லாத் தூங்கினியா'ன்னு கேக்கணும். 'என்ன பண்ணிக்கிட்ட'ன்னு கேட்டா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்."

மகளுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. நான் நாளைக் கணக்குப் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பது என்றால் அடையாறுக்காரர்கள் வந்து போன பிறகு.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் கூடப் போனேன். ஒப்புதல் படிவம் நான்கு பக்கம். மகள் நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்ற இடத்தில் நான் படிக்காமல் போட்டேன். தேர்வு அறையில், முதல் பதினைந்து நிமிடம் கேள்வித்தாளைப் படியுங்கள் என்று பிள்ளைகளை அதட்டுகிறவள் நான்.

டாக்டர் துளித்துளியாக ஏற்றினார். இரண்டு கன்னத்திலும் கொஞ்சம், பிறகு அவளை எழுப்பி உட்காரவைத்து எதிரே நின்று பார்ப்பது, மறுபடி படுக்கவைப்பது. ஓர் ஊசி முடிந்தபோது இடது பக்கம் இன்னும் குழியாகவே இருந்தது. இரண்டாவதைத் திறந்தார். அதில் பாதி போனதும் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தார்.

மகள் வெகுநேரம் பார்த்தாள். "போதும்மா. இது நான்தான்" என்றாள்.

உண்மையிலேயே நன்றாகத் தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தாள். ஆனால் போட்டோ மாதிரி இல்லை. தட்டில் அந்த ஊசி பாதி நிறைந்து கிடந்தது.

"அந்த மீதி?" என்று கேட்டேன்.

"திறந்ததை எடுத்துவெச்சு இன்னொரு நாள் நான் போடுறதில்ல ஆன்ட்டி. குப்பைக்குத்தான் போகும்."

டூத்பேஸ்ட் டியூபைக் கத்தரியால் வெட்டி வழித்தெடுக்கிற வீடு எங்களுடையது. பழைய சாதத்தை வடாமாகப் பிழிந்து காயவைக்கிற வீடு. "வீணாத்தானே போகப்போகுது? மூக்குப் பக்கத்துல இந்தக் கோடு விழுதே, அங்க போட்டுடலாமே" என்றேன்.

"வேணாம்மா" என்றாள் மகள்.

"இன்னிக்கு இவ்வளவு போதும்" என்றார் டாக்டர்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வராங்க டாக்டர். மறுபடி எப்ப வர்றது? திறந்தாச்சு, வீணாக்குவானேன்."

டாக்டர் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். "போட்டுடுங்க டாக்டர். இல்லேன்னா வீடு போற வரைக்கும் இதையே சொல்லிட்டு வருவாங்க."

ஆய்வகத்தில் இருபத்து மூன்று வருடமாக ஒரே பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அமிலத்தில் காரத்தை விடும்போது, நிறம் மாறப்போகிற நேரத்தில் துளித்துளியாக விடு. மெல்லிய ரோஜா நிறம் வந்து நின்றதும் பியூரெட் குழாயை மூடு. குழாயில் மிஞ்சியிருக்கிறதே என்று ஒரு மாணவிகூட அதையும் ஊற்றியது கிடையாது.

இடது மூக்கோரம் ஊசி இறங்கியபோது அவள் "ஆ" என்றாள். அந்த இடம் ஒரு நொடி வெளுத்தது. டாக்டர் அழுத்திப் பிடித்து, நிறம் திரும்புகிறதா என்று காத்திருந்து பார்த்தார். அரைமணி உட்காரவைத்தார். "வலி ஏறினாலும் நிறம் மாறினாலும் உடனே கூப்பிடணும். யோசிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். மூன்று மணிக்கு அவள் வலிக்கிறது என்றாள்.

"மூக்கு குத்தினப்பவும் இப்படித்தான் ஊரைக் கூட்டின."

"இது அந்த வலி இல்லம்மா. உள்ள வெச்சு யாரோ திருகுற மாதிரி இருக்கு."

கைக்குட்டையில் ஐஸைச் சுற்றி வைத்துப் பிடிக்கச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் பிடித்திருந்தாள். எடுத்தபோது மூக்கோரத்தில் சுண்ணாம்பு தடவிய மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு, அதைச் சுற்றி மேலுதடு வரைக்கும் ஊதா நிறத்தில் வலை வலையாக ஏதோ படர்ந்திருந்தது. "ரத்தக்கட்டு, நாளைக்குப் போயிடும்" என்றேன். நம்பித்தான் சொன்னேனா என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் பையிலிருந்து அந்தப் படிவத்தின் நகலை எடுத்தாள்.

"மூணாம் பக்கத்துல இருக்கும்மா. இதேதான் எழுதியிருக்கு. போன் பண்ணு."

வீடியோவில் டாக்டர் பத்து விநாடிகூடப் பார்க்கவில்லை. "ஐஸை எடுங்க முதல்ல. உடனே கிளம்பி வாங்க."

எங்கள் வீட்டிலிருந்து தி. நகரில் இருக்கும் அந்தக் கிளினிக் நடந்தே போகிற தூரம்தான். ஆனால் அவள் எழுந்து நின்றதும் சுவரைப் பிடித்தாள். ஆட்டோ பிடித்தேன். சுரங்கப்பாதைக்கு முன்னால் வண்டிகள் அசையாமல் நின்றன. "சீக்கிரம் போப்பா, சீக்கிரம்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மேடம் பண்றது? ரோடு எங்க கீது, பள்ளம்தான் கீது. பறந்தா போவ முடியும்?" என்று திரும்பிய டிரைவர் என் மகளின் முகத்தைப் பார்த்தார். "கெட்டியா புடிச்சிக்கோ பாப்பா" என்று மட்டும் சொல்லி வண்டியை ஒடித்து, ஒருவழிச் சந்தில் எதிர்த்திசையில் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்.

டாக்டர் மாடிப்படியிலேயே நின்றிருந்தார். "கண்ணு மங்கலாத் தெரியுதா? ரெட்டையாத் தெரியுதா?" என்றுதான் முதலில் கேட்டார். "இல்ல" என்றாள் மகள். கண்ணுக்கும் இதில் ஆபத்து உண்டு என்பது அந்தப் படிக்கட்டில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

ஏற்றிய பசை ரத்தக்குழாயை அடைத்துவிட்டது, ரத்தம் போகாத தோல் செத்துப்போகும், அதற்குள் கரைக்க வேண்டும் என்றார். மணிக்கு ஒரு தடவை கரைக்கும் ஊசி. நடுவில் வெந்நீரில் நனைத்த துணி. விரலால் அழுத்தி, விட்டு, சிவப்பு திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவது. துணி பிழிந்து கொடுப்பது என் வேலை. ஐந்தாறு விநாடி ஆனது. பிறகும் அதே ஐந்தாறு. மூன்றாவது ஊசிக்குப் பிறகு மூன்று. மகள் அழவில்லை. நான் துணியை வைக்கக் குனிந்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடைப்பு எங்கே என்று துல்லியமாகத் தெரியாததால் இடது பக்கம் முழுவதும் கரைத்தார். சரியாக அமைந்திருந்த கன்னமும் அதோடு போயிற்று.

எட்டு மணி வாக்கில் டாக்டர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்" என்றார். கேட்டது நான்தானே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யாரோ ஒருவர் பழியை எடுத்துக்கொண்டதில் அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

தோல் பிழைத்தது. அந்த அரிசியளவு இடம் மட்டும் கறுத்து, பொருக்குக் கட்டி உதிர்ந்து, தழும்பாயிற்று. நான் அடையாறுக்கு போன் செய்து, பெண்ணுக்கு வைரல் காய்ச்சல் என்றேன். மகள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஆன்ட்டி, காய்ச்சல் இல்ல. முகத்துல ஒரு ட்ரீட்மென்ட் எடுத்து சரியா வரல. அம்மா அனுப்பின போட்டோவும் பழசு, டைபாய்டுக்கு முன்னாடி எடுத்தது."

"உடம்பைப் பாத்துக்கோம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிடவில்லை. ஒரு மாதம் கழித்து அவளே போய் வலது பக்கத்தையும் கரைத்துவிட்டு வந்தாள். "ரெண்டு பக்கமும் ஒரே பள்ளமா இருக்கட்டும்" என்றாள்.

போன வாரம் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். தழும்பைக் காட்டவா, வேறு எதற்காவதா என்று சொல்லவில்லை. கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, வா என்றாள். உள்ளே கூப்பிட்டதும் நானும் எழுந்தேன்.

"நீ இங்கேயே இரும்மா."

கதவு சாத்திக்கொண்டது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா தன் பெண்ணிடம் போனைக் காட்டி, "இந்த மாதிரி வருமான்னு கேளு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

மகள் வெளியே வந்தாள். கன்னம் கொஞ்சம் நிறைந்த மாதிரி இருந்தது. விளக்கு வெளிச்சமாக இருக்கலாம். இரண்டு நாளாக அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை, நன்றாகத் தூங்கியிருந்தாள். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

படி இறங்கும்போது அவள் நின்றாள். "கேக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"சரி" என்றாள்.

ஆட்டோ வந்தது. எட்டு மாதமாக எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட வழக்கம் ஒன்று இருக்கிறது. நான் முதலில் ஏறி வலது ஓரத்துக்கு நகர்ந்துகொள்ள வேண்டும். பிறகு அவள் ஏறி, தழும்பு எனக்குத் தெரியாதபடி அந்தப் பக்கத்தைச் சாலைக்குக் கொடுத்து உட்காருவாள். அப்படியே உட்கார்ந்து வீட்டுக்கு வந்தோம்.